புதுப்பிப்பு: ஆறிப்போன மீன், இரண்டாம் முறை

போன மாதம் எழுதியிருந்தேன்: பெயர்பெற்ற ஓர் உயர்தர உணவகத்தில் மீன் ஆறிப்போய் வந்தது, பரிமாறியவரும் கண்டுகொள்ளவில்லை, மொத்தமாகப் பத்துக்கு மூன்று போட்டேன். 'அங்கேயே சொல்லியிருக்கலாமே' என்று பலர் கேட்டீர்கள். சரி, நேற்று மறுபடி போனேன்.

இந்த முறையும் மீன் வெதுவெதுப்புதான். தட்டைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. கோளாறு அடுப்பில் இல்லை, தட்டில்! சூடாக்காத கனமான பீங்கான் உணவின் சூட்டை உறிஞ்சிவிடும். மெதுவாகச் சொன்னேன். பரிமாறியவர் வாதாடவில்லை, புதிதாகச் சமைத்துச் சூடான தட்டில் கொண்டுவந்தார். அதுவரை என் தோழி தனியாகச் சாப்பிட வேண்டாமே என்று அவள் தட்டையும் கேட்டு எடுத்துப்போய், இரண்டையும் சேர்த்தே வைத்தார். பாதிக் கோபம் அங்கேயே போய்விட்டது.

அப்புறம், உணவையும் சேவையையும் ஒரே மதிப்பெண்ணில் கலந்தது என் தப்பு. மிஷெலின் என்ற பிரெஞ்சு உணவக வழிகாட்டி சிறந்த உணவகங்களுக்குத் தரும் நட்சத்திரமே தட்டில் இருப்பதற்கு மட்டும்தான். சேவையும் உணவகத்தின் உள் அலங்காரமும் அதில் சேராது. எல்லா நாளும் ஒரே தரம் இருக்கிறதா என்பதும் அவர்கள் அளவுகோலில் ஒன்று. அதில் இந்த இடம் இரண்டு முறையும் சறுக்கியது.

புது மதிப்பெண்: சேவைக்கு எட்டு, உணவுக்கு ஐந்து. கடைசியில் வந்த இனிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள்.