டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போக 7,000 ரேண்ட் உயர்வு போதுமா?

டர்பன் மருமகள்:

வணக்கம். நான் தஞ்சாவூர்ப் பெண். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. சாட்ஸ்வொர்த்தில் 7,800 ரேண்ட் வாடகையில் இருக்கிறோம். கணவருக்குச் சரக்குக் கப்பல் கம்பெனியில் கணக்கு வேலை. இப்போது அவரை ஜோகன்னஸ்பர்க் கிளைக்குக் கூப்பிடுகிறார்கள், அலுவலகம் சாண்ட்டனில். சம்பளம் 38,000 ரேண்டிலிருந்து 45,000 ஆகும். நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். அங்குள்ள கிளைக்கு அதே சம்பளத்தில் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இணையத்தில் இரண்டு ஊர்களின் பெயரைப் போட்டால் ‘இத்தனை சதவீதம் வித்தியாசம்’ என்று ஓர் எண் வருகிறது. அந்த எண்ணில் என் மாமியார் சேர்த்தியா என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. என் ஆறு வயதுப் பையன் பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் போவான். ஐந்தரை மணிக்கு நான் போய் அழைக்கும்போது சாப்பிட்டு, வீட்டுப்பாடம் முடித்து, பாட்டி மடியில் காலை நீட்டிப் படுத்திருப்பான். இதற்கு நான் ஒரு சென்ட் கொடுத்ததில்லை.

அங்கே இருப்பவர்கள் உண்மைக் கணக்கைச் சொல்லுங்கள்.

லெனேசியாக்காரன்:

தங்கச்சி, 7,000 என்றதும் மயங்கிவிடாதே. நான் ஜோகன்னஸ்பர்க்கின் தென்கோடியில், லெனேசியாவில் இருபது வருடமாக இருக்கிறேன். வாடகை உன் சாட்ஸ்வொர்த்தைவிடக் கொஞ்சம்தான் கூட. நம் ஜனங்கள், கோயில், மசாலாக்கடை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் சாண்ட்டன்? நான் ஆறு வருடம் போய்வந்தேன். போக வர 90 கிலோமீட்டர். காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால்தான் உண்டு. மாதத்துக்கு 160 லிட்டர் பெட்ரோல் குடித்தது என் கார். கௌட்ரெயின் என்கிற விரைவு ரயில் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது.

பெட்ரோலிலும் ஒரு வேடிக்கை. இங்கே லிட்டருக்கு டர்பனைவிட 80 சென்ட் வாக்கில் அதிகம். எண்ணெய் உங்கள் ஊர்த் துறைமுகத்தில் இறங்கிக் குழாய் வழியாக மேட்டுக்கு ஏறி வருகிறது. ஏற்றுகிற கூலி நம் தலையில். நெடுஞ்சாலை மின்னணுச் சுங்கத்தையாவது 2024 ஏப்ரலில் ஒழித்தார்கள், அந்த மட்டில் நிம்மதி.

குளிரை மறந்துவிடாதே. ஜூன், ஜூலையில் சில இரவுகள் பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஹீட்டர், கம்பளி, பையனுக்குக் கனமான ஜாக்கெட் என்று முதல் வருடமே ஒரு செலவு. டர்பன் வீட்டில் ஹீட்டர் பார்த்திருக்கிறாயா?

மிட்ரண்ட் தணிக்கையாளன்:

அக்கா, முதலில் 7,000 என்ற எண்ணை அடித்துவிடுங்கள். உங்கள் கணவர் சம்பளத்தில் மேலே ஏறும் தொகைக்கு வரி 31 சதவீதம், அதில் ஒரு பகுதிக்கு 36 சதவீதம். கைக்கு வருவது 4,700 சொச்சம். ஓய்வூதியப் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும்.

மிட்ரண்டிலிருந்து சாண்ட்டனுக்கு கௌட்ரெயின் நேராகப் போகிறது, அதனால்தான் பலர் இங்கே குடியேறுகிறார்கள். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு நான் 10,500 கொடுக்கிறேன். உங்களுக்கு 2,700 கூடுதல். என் பெண்ணைப் பள்ளி முடிந்தபின் பார்த்துக்கொள்ளும் இடத்தில் மாதம் 1,900 வாங்குகிறார்கள். ஆக 4,600. மிச்சம் நூறு ரேண்ட். கார் காப்பீட்டை இன்னும் நான் தொடவில்லை. இரவில் கார் எங்கே நிற்கிறது என்று கேட்டுத்தான் தொகை போடுவார்கள். இங்கே ஆலங்கட்டி மழை வேறு, கூரையுள்ள நிறுத்துமிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மளிகையில் பெரிய வித்தியாசம் இல்லை. அரிசி, பருப்பு, முட்டை, பால், காய்கறிக்கு எந்த ஊரிலும் 15 சதவீத வாட் வரி கிடையாது.

இன்னொன்று. சாவி வாங்கும் நாளில் வீட்டுக்காரரோடு சேர்ந்து அறை அறையாகப் பார்த்து, குறைகளை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாடகைச் சட்டமே அதைச் சொல்கிறது, முன்பணத்துக்கு வரும் வட்டியும் உங்களுக்குத்தான். நான் சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டு, எனக்கு முன்னால் குடியிருந்தவர் உடைத்த கதவுக்குப் பணம் கட்டினேன்.

டர்பன் மருமகள்:

அண்ணாவுக்கும் தம்பிக்கும் நன்றி. ‘மிச்சம் நூறு’ என்ற இடத்தில் இவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

சின்னக் கேள்வி, சிரிக்காதீர்கள். எங்கள் கொல்லையில் கருவேப்பிலை கூரை உயரத்துக்கு நிற்கிறது. ஒரு கன்றை எடுத்துவந்தால் அங்கே பிழைக்குமா?

லெனேசியாக்காரன்:

தரையில் நட்டால் உறைபனியில் கருகிவிடும். என் முதல் இரண்டும் அப்படித்தான் போயின. மூன்றாவதைத் தொட்டியில் வைத்து, மே மாதம் வந்ததும் சமையலறை ஜன்னலுக்குள் கொண்டுவந்துவிடுகிறேன். முழங்கால் உயரத்துக்கு மேல் வளர மறுக்கிறது. ரசத்துக்கு நாலு இலை கிள்ளும்போது பாவமாக இருக்கிறது.

கேப் டவுன் அத்தை:

என்னை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அடுத்து உங்கள் கம்பெனி கேப் டவுன் என்று ஆரம்பித்தால் வாடகையைப் பார்த்துவிட்டு வாயைத் திறவுங்கள். இரண்டு அறைக்கு நாங்கள் 15,000 கொடுக்கிறோம், ஜன்னலில் மலை தெரிவதுகூட இல்லை.

டர்பன் மருமகள்:

கடைசியாக ஒன்று எழுதிவிடுகிறேன். இந்தக் கணக்கையெல்லாம் மாமியாரிடம் சொன்னேன். 1,900 ரேண்ட் என்றதும் நிறுத்தச் சொல்லி, “அப்படியானால் எனக்கு ஐந்து வருடப் பாக்கி எவ்வளவு?” என்று கேட்டார். பிறகு பையனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

திங்கட்கிழமை இவர் அலுவலகத்தில் 50,000 கேட்கப் போகிறார், கூடவே சாமான் ஏற்றும் லாரிக் கூலியும். அதற்குக் கீழே என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக முடிவு.