தைரொக்சின் 50 மைக்ரோகிராம் எங்கே கிடைக்கும்?

களுவாஞ்சிக்குடியிலிருந்து கேள்வி:
அம்மாவுக்குத் தைரொயிட் சுரப்புக் குறைவுக்காகக் கிளினிக்கில் எழுதிய தைரொக்சின் 50 மைக்ரோகிராம் குளிசை முடியப் போகிறது; கல்லாறு முதல் கல்முனை வரை 5 பாமசிகளில் கேட்டும் "ஸ்டொக் இல்லை" என்றே சொன்னார்கள். போத்தலில் நான்கு குளிசைகளே மிச்சம். என்ன செய்யலாம்?

மட்டக்களப்பிலிருந்து பதில்:
சகோதரி, வைத்தியர் எழுதிய துண்டில் மருந்தின் பொதுப்பெயர் இருந்தால் வேறு கம்பனியின் குளிசையையும் கேட்கலாம். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல பாமசியிலும் விசாரியுங்கள். 100 மைக்ரோகிராம் கிடைத்தால், கிளினிக் வைத்தியர் சம்மதித்த பின்னரே பாதியாக உடையுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து பதில்:
இம்மருந்தின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 7 நாட்கள் எடுப்பதால், ஓரிரு நாள் தவறினாலும் பதற வேண்டாம். வலிப்பு மருந்துக்கு இந்தச் சமாதானம் செல்லாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நாளை கிளினிக் கொப்பியுடன் மட்டக்களப்புக்குப் போகிறேன்.