‘குறியாக்க விதிகள்’ என்ற சொல் போதுமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

தரவின் அமைப்பை விவரிக்கும் ஏ.எஸ்.என்.1 குறிமானத்தையும், தரவைக் குறிச்சொற்களுக்கிடையே எழுதும் எக்ஸ்.எம்.எல். மொழியையும் இணைக்கும் தர ஆவணங்களில் வரும் ‘என்கோடிங் ரூல்ஸ்’ (தரவைப் பைட்டுகளாக மாற்றும் விதிகள்) என்பதற்குக் ‘குறியாக்க விதிகள்’ என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. தனியாகப் பார்த்தால் அச்சொல்லில் குறை இல்லை. ஆனால் இத்துறையில் நொட்டேஷன் குறிமானமாகவும், மார்க்கப் குறியிடலாகவும், டேக் குறிச்சொல்லாகவும், கோட் குறிமுறையாகவும் ஏற்கெனவே ஒரே வேரில் முளைத்து நிற்கின்றன. போதாக்குறைக்குச் சிலர், தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் என்கிரிப்ஷனையும் குறியாக்கம் என்றே எழுதுகிறார்கள். ‘குறியிடு மொழிக் குறியாக்க விதிகளின் குறிமானம்’ என்று நானே ஒருமுறை எழுதிவிட்டு, மறுநாள் படித்தபோது எது எதைச் சுட்டுகிறது என்று திணறியிருக்கிறேன்.

இது வெறும் ஓசைச் சிக்கல் அன்று. 1984-இல் வந்த எக்ஸ்.409 பரிந்துரையில் (பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் தர ஆவணங்களைப் பரிந்துரை என்பார்கள்) தரவை விவரிக்கும் குறிமானமும், அதைப் பைட்டுகளாக்கும் முறையும் ஒரே ஆவணத்தில் இருந்தன. 1988-இல் அவற்றை எக்ஸ்.208, எக்ஸ்.209 என இரண்டாகப் பிரித்தார்கள். ‘என்ன தரவு’ என்பது வேறு, ‘அது கம்பியில் எப்படிப் போகிறது’ என்பது வேறு என்னும் இந்தப் பிரிவினைதான், 2001-இல் எக்ஸ்.693 வந்தபோது, பழைய வரையறைகளில் கைவைக்காமலே அதே தரவை எக்ஸ்.எம்.எல். உருவிலும் அனுப்ப வழிசெய்தது. எதிர்த்திசையில், எக்ஸ்.எம்.எல். ஆவணத்தின் அமைப்பை வரையறுக்கும் எக்ஸ்.எம்.எல். ஸ்கீமாவை ஏ.எஸ்.என்.1 வரையறையாக மாற்றும் எக்ஸ்.694 பரிந்துரை 2004-இல் வந்தது. தர ஆவணங்கள் இத்தனை பாடுபட்டுப் பிரித்து வைத்ததை நம் கலைச்சொல் மறுபடி ஒட்டவைத்துவிடக் கூடாது.

ஒரு சிறு மதிப்பை எடுத்துக்கொள்வோம்: முழு எண் 5. ஏ.எஸ்.என்.1-இன் ‘அடிப்படை விதிகள்’ என்ற முறைப்படி அது 02 01 05 என மூன்று பைட்டுகளாகிறது. முதலாவது முழு எண் என்பதையும், இரண்டாவது நீளத்தையும், மூன்றாவது மதிப்பையும் சொல்கின்றன. அந்த எண் 0 முதல் 127 வரைதான் இருக்கும் என்று வரையறுத்துவிட்டால், இடத்தைச் சுருக்கும் ‘செறிவு விதிகள்’ என்ற முறையில் அதற்கு 7 பிட்டுகளே போதும். எக்ஸ்.எம்.எல். உருவில் <வயது>5</வயது> என்று எழுதினால், தமிழ்க் குறியுரு ஒவ்வொன்றும், எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட்டு பிடிப்பதால், மொத்தம் 30 பைட்டுகள். மதிப்பு ஒன்றுதான், அது ஏற்கும் வடிவங்கள் மூன்று. ஆகவே ‘வடிவேற்றம்’, ‘வடிவேற்ற விதிகள்’ என்று நான் முன்மொழிகிறேன். ‘உருவேற்றம்’ என்பது இதைவிடக் கச்சிதமாக இருக்கிறதே என்று முதலில் தோன்றியது. ஆனால் உருவேற்றுவது என்றால் மந்திரம் ஜெபிப்பதும் பாடத்தை மனப்பாடம் செய்வதும் என்று ஆகிவிட்டதால் அதை விட்டுவிட்டேன்.

அடுத்தது டேக். எக்ஸ்.எம்.எல்.-இல் கோண அடைப்புக்குள் வருவது சொல் என்பதால் ‘குறிச்சொல்’ பொருந்துகிறது. மேலே 02 என்று கண்டதையும் ஆங்கிலத்தில் டேக் என்றுதான் அழைக்கிறார்கள். அதில் சொல்லே இல்லை. ‘வகையெண்’ எனலாமா என்று பார்த்தேன். ஆனால் சூழல்சார் டேக்குகள் தரவின் வகையைச் சொல்வதில்லை. ஒரு தொகுதிக்குள் இது எந்த உறுப்பு என்பதை மட்டுமே காட்டுகின்றன. எனவே ‘அடையாளவெண்’ என்பதே பிழையற்றது. ஆங்கிலத்தில் ஒரே சொல் இருப்பதால் தமிழிலும் ஒன்றே இருக்க வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. இரு தரங்களையும் ஒரே பத்தியில் பேசும் கட்டுரையில் அந்த ஒற்றைச் சொல்தான் வாசகரைக் கவிழ்க்கும்.

இரண்டு தரங்களுக்கும் இடையே பெயர்களைக் கொண்டுபோகும் முறையையும் இங்கே கவனிக்க வேண்டும். எக்ஸ்.எம்.எல். உறுப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், ஏ.எஸ்.என்.1 பெயர்களோ லத்தீன் எழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றுக்குள் அடங்க வேண்டும். எக்ஸ்.694 விதிப்படி பொருந்தாத எழுத்துகள் நீக்கப்படுகின்றன. எதுவும் மிஞ்சாவிட்டால் ‘எக்ஸ்’ என்ற ஓரெழுத்து இடப்படுகிறது. ‘வயது’ என்ற பெயர் அப்படித்தான் ஆகும். மூலப்பெயரை வடிவேற்றத்தின்போது திரும்பக் கொண்டுவர, வரையறையுடன் ஒரு தனி அறிவுறுத்தல் சேர்க்கப்படுகிறது. இதைக் ‘குறியாக்க அறிவுறுத்தல்’ என்றால் ஏதோ நிரல் எழுதும் கட்டளை போலத் தோன்றும். ‘வடிவேற்ற அறிவுறுத்தல்’ என்றால் அதன் வேலை பெயரிலேயே தெரிகிறது.

என் முன்மொழிவில் ஒரு நெருடல் உண்டு. டீகோடிங்கிற்கு ‘வடிவிறக்கம்’ என்றால் அது பதிவிறக்கத்தின் தம்பி போல ஒலிக்கிறது. பைட்டுகளிலிருந்து மதிப்பைத் திரும்பப் பெறுவதே அங்கு நடக்கும் வேலை என்பதால் ‘மதிப்புமீட்பு’ என்று எழுதிவருகிறேன். வடிவேற்றத்துக்கு நேர் இணையாக அது அமையவில்லை என்பது எனக்கும் தெரியும். ‘வடிவு’ என்ற சொல்லையே விடாமல் வைத்துக்கொண்டு இதைவிட நல்ல எதிர்ச்சொல் ஒன்றை யாரேனும் சொன்னால், என்னுடையதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.