மூட்டு ஆபரேஷன் முடிந்து 5 மாதம், இன்னும் வலி. "பயந்த சுபாவம்" என்கிறார்கள்

மதுரைமகள்:
அம்மாவுக்கு 67 வயது. வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்து 5 மாதம் ஆகிறது. எக்ஸ்ரே சரி, ரத்தப் பரிசோதனை சரி, கிருமித் தொற்றும் இல்லை. ஆனால் ராத்திரி முழுக்க முனகுகிறார், முட்டிக்கு அடியில் தலையணையை வைத்துக்கொண்டு படுத்தே கிடக்கிறார், கோலம் போட வாசலுக்குக்கூட வருவதில்லை. போன வாரம் மருத்துவமனையில் அம்மாவை வைத்துக்கொண்டே "இவங்களுக்குப் பயந்த சுபாவம், வலியெல்லாம் மனசுலதான்" என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டோவில் வரும்போது "நான் நடிக்கிறேன்னு நினைக்கிறியா?" என்று கேட்டார். அம்மா எதற்கும் கவலைப்படுகிறவர்தான், அது உண்மை. சுபாவத்தால் வலி கூடுமா?

பிசியோ_ஈரோடு:
கூடும் சகோதரி. ஆனால் "மனசுலதான்" என்று சொன்னது தப்பு. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வரும் கட்டளைகள் வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் என்று மெல்சாக், வால் என்ற வலி ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 1965-லேயே எழுதிவிட்டார்கள். பயமும் தூக்கமின்மையும் அந்த வழியாகவும் வேலை செய்கின்றன, அதனால் அம்மா படுவது நிஜமான வலி. வலியையே நினைத்துக்கொண்டிருப்பது, பெரிதாக ஏதோ ஆகிவிடும் என்று பயப்படுவது, இனி நம்மால் ஒன்றும் ஆகாது என்று கைவிடுவது, இந்த மூன்றையும் அளக்க 1995-ல் சல்லிவன் என்பவர் 13 கேள்விகள் வைத்து ஒரு அளவுகோல் கொண்டுவந்தார், மொத்தம் 52 மதிப்பெண். ஆபரேஷனுக்கு முன்பே இதில் அதிகம் வாங்குபவர்களுக்குப் பின்னால் வலி நீடிக்கும் வாய்ப்பு கூடுதல். அப்புறம், மூட்டு மாற்றியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு வலி நீடிக்கிறது, அவர்கள் எல்லோரும் பயந்தவர்கள் இல்லை.

அந்தத் தலையணையை இன்றே எடுங்கள்! முட்டி மடங்கினபடியே இறுகிவிடும். வேண்டுமானால் குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள். முட்டி சூடாகவோ வீங்கியோ இருந்தால், காய்ச்சல் வந்தால், உடனே டாக்டரிடம் போங்கள்.

முதுகுவலி_9வருடம்:
எனக்கு டிஸ்க் ஆபரேஷன் ஆனது. குனிந்தால் தையல் விட்டுவிடும், எலும்பு நகர்ந்துவிடும் என்று பயந்து ஒன்றரை வருடம் செருப்பைக்கூட மனைவிதான் மாட்டிவிட்டார், அசையாமல் இருந்ததிலேயே தசை இளைத்து வலி இன்னும் ஏறியது. சுபாவத்தை மாற்றுவது கஷ்டம்தான், ஆனால் பயம் வேறு, சுபாவம் வேறு. மனநல ஆலோசகர் ஒருவர் சொன்னதுதான் எனக்கு உதவியது: வீட்டில் யாரும் "வலிக்குதா?" என்று கேட்கக்கூடாது, "இன்னைக்கு எவ்வளவு தூரம் நடந்தீங்க?" என்று கேட்க வேண்டும். மனைவி அதைக் காலண்டரில் குறித்து வைப்பார். அம்மாவுக்கு டுலாக்ஸெட்டின் எழுதிக் கொடுத்தால், மனச்சோர்வு மாத்திரை என்று இன்டர்நெட்டில் பார்த்துப் பதறாதீர்கள், அது நாள்பட்ட வலிக்கும் கொடுக்கிற மருந்துதான். முதலில் அந்த ஆட்டோ கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் தங்கச்சி. அது பாக்கி நிற்கிறது.

மதுரைமகள்:
சொல்லிவிட்டேன் அண்ணா. "உங்க வலி நிஜம்தாம்மா, பயம் அதை ஊதிவிடுது, ரெண்டையும் சேர்ந்தே பார்ப்போம்" என்றேன். ரொம்ப நேரம் அழுதார். தலையணையை எடுத்தாயிற்று, முதல் ராத்திரி தூங்கவே இல்லை. இன்று காலை சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, நான் வைத்த புள்ளி கோணல் என்று திட்டினார். காலண்டரில் 22 அடி என்று எழுதியிருக்கிறேன்.