தெரியாத பார்க்கிங் தண்டத்துக்கு வாசலில் பெய்லிஃப்

லண்டனில் எங்கள் வீட்டுக்குப் பெய்லிஃப், அதாவது கட்டாத கடனையும் தண்டத்தையும் வசூலிக்க வருகிற ஆள், வந்தது 2023 இல். விடிந்து ஏழு மணிகூட ஆகவில்லை. மேல்மாடி ஜன்னலால் எட்டிப் பார்த்தால், நெஞ்சில் கமரா மாட்டிய ஒருவர் நிற்கிறார், கமராவில் சிவப்பு விளக்கு எரிகிறது. என் காரை வெளியே எடுக்க முடியாதபடி தன் வான் வண்டியைக் குறுக்கே விட்டிருந்தார். கவுன்சில் தண்டம், ஐந்நூறு பவுண்டுக்கு மேல், இப்போதே கட்டவேண்டும் என்றார்.

எந்தத் தண்டம் என்று எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏயில் முகவரி சரியாகத்தான் இருந்தது. ஆனால் கீழே கடை, மேலே மூன்று வீடு, எல்லாருக்கும் ஒரே வாசல். கடிதங்கள் நிலத்தில் கொட்டுப்பட்டுக் கிடக்கும், யாராவது அள்ளி ஒரு பக்கம் வைப்பார்கள். நான்கைந்து கடிதம் அப்படியே போயிருக்கிறது.

"கட்டிவிடுங்கோவன், அயலட்டை எல்லாம் பார்க்குது" என்றார் மனைவி. பலர் கட்டுவது இந்த வெட்கத்தில்தான். எனக்குக் கோபம் வருவதும் இதில்தான், ஏனென்றால் அந்த நேரத்தில் கேட்கவேண்டிய கேள்வியை யாரும் கேட்பதில்லை: இது கவுன்சில் போட்ட டிக்கெட்டா, மஜிஸ்திரேட் நீதிமன்றம் விதித்த தண்டமா? இரண்டுக்கும் வழி வேறு வேறு.

கவுன்சில் பார்க்கிங் டிக்கெட் என்றால், முதல்முறை வரும்போது கதவை உடைத்து உள்ளே வர அவர்களுக்கு உரிமை இல்லை. பூட்டாத கதவால் நடந்து வரலாம். அதனால் நான் கதவைத் திறக்கவே இல்லை. ஜன்னலில் நின்றபடி அடையாள அட்டையைக் காட்டச் சொன்னேன், எந்தக் கவுன்சில், டிக்கெட் இலக்கம் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டேன். மனுசன் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் காருக்குக் கிளாம்ப், அதாவது சில்லுப் பூட்டு, போட்டுவிட்டுத்தான் போனார். வெளியே நிற்கும் காருக்கு அது சட்டப்படி முடியும்.

கணக்கைப் பாருங்கள். டிக்கெட் அப்போது 130 பவுண்ட். பதில் இல்லாததால் பாதி கூடி 195. அதற்கு மேல் நீதிமன்றப் பதிவுக் கட்டணம். பிறகு பெய்லிஃப் கம்பெனிக்குக் கோப்பு போனதற்கு 75, ஆள் வாசலுக்கு வந்ததற்கு 235. இந்தக் கட்டணங்கள் 2014 இல் சட்டத்தில் வைத்தவை, அவர்கள் இஷ்டத்துக்குப் போட்டவை இல்லை. ஆனால் இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக இருக்கும் வசூல் கட்டளை ரத்தானால் இவையும் சேர்ந்து போகும்.

அந்தக் கட்டளையைக் கொடுப்பது நோர்தாம்ப்டனில் இருக்கும் போக்குவரத்து அமலாக்க மையம். அன்று காலையே இரண்டு படிவம் நிரப்பி ஈமெயிலில் அனுப்பினேன். டிஈ9 என்பது "எனக்கு நோட்டீஸ் கிடைக்கவில்லை" என்று உண்மை உரைத்துக் கையெழுத்து வைப்பது. டிஈ7 என்பது ஏன் பிந்தி விண்ணப்பிக்கிறேன் என்று காரணம் சொல்வது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. காரணத்தை மட்டும் விரிவாக எழுதுங்கள். நான் பொது வாசலையும் நிலத்தில் கிடந்த கடிதங்களையும் படம் எடுத்து இணைத்தேன். விண்ணப்பம் கிடைத்தது என்று மையம் பதில் போட்டால் முடிவு வரும்வரை வசூலை நிறுத்திவைக்கவேண்டும். அந்தப் பதிலைக் கவுன்சிலுக்கும் கம்பெனிக்கும் அனுப்பி, போனிலும் விடாமல் நின்றபிறகு கிளாம்பைக் கழற்றினார்கள்.

கடைசியில் கட்டளை ரத்தானது. கவுன்சில் புதிதாக நோட்டீஸ் அனுப்பியது. அதில்தான் முதல்முறையாகப் படத்தைப் பார்த்தேன்: தற்காலிகமாக மூடிய தரிப்பிடத்தில் எங்கள் கார், பக்கத்துக் கம்பத்தில் மஞ்சள் பலகை. நடந்ததை விளக்கி எழுதினேன். பாதிக் கழிவோடு 65 பவுண்ட் கட்டச் சொன்னார்கள், கட்டினேன்.

நண்பர் ஒருவருக்கு நடந்தது மற்ற வகை. வேகக் கமரா. யார் ஓட்டியது என்று கேட்ட கடிதம் பழைய முகவரிக்குப் போய், பதில் இல்லை என்று அவர் இல்லாமலே மஜிஸ்திரேட் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. லைசன்ஸில் ஆறு தண்டப் புள்ளி. அங்கே டிஈ படிவம் செல்லாது. நீதிமன்றத் தண்டத்துக்கு வரும் பெய்லிஃப் தேவைப்பட்டால் கதவை உடைத்தும் வரலாம், ஆகவே என்னைப் போல ஜன்னலில் நின்று பேசிவிட்டு ஆறுதலாக இருக்கமுடியாது. வழக்குப் பற்றித் தெரியவந்து 21 நாளுக்குள், அதுவரை வழக்கு எனக்குத் தெரியாது என்று சத்தியக் கடதாசி கொடுக்கவேண்டும். நண்பர் வக்கீல் முன்னால் முடித்து நீதிமன்றத்துக்கு அனுப்பினார். தீர்ப்பு செல்லாமல்போய் வழக்கு முதலிலிருந்து தொடங்கியது. வேகமாக ஓட்டியதை ஒப்புக்கொண்டார், யார் ஓட்டியது என்று சொல்லாத குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள், மூன்று புள்ளியோடு முடிந்தது.

நான் சொன்னது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். ஸ்கொட்லாந்தில் வருவது ஷெரிஃப் ஆபிசர், சட்டமும் வேறு. அங்கே அனுபவப்பட்டவர்கள் யாராவது எழுதினால் நல்லது.