விலங்கு வந்தால் மட்டும் எரியும் சாலை விளக்கு: தமிழில் என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

சாலையைக் கடக்க விலங்கு வருவதைக் கருவி உணர்ந்ததும், ஓட்டுநரை எச்சரிக்க எரியும் விளக்குக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் கேள்வி. ‘விலங்கு கண்டறிதல் மற்றும் ஓட்டுநர் எச்சரிக்கை அமைப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பொருளில் பிழையில்லை, ஆனால் ஓட்டுநர் வாயில் நுழையாது. ‘கடவுணரி’, அதாவது கடப்பதை உணர்வது, அழகான சொல். அது கருவிக்குத்தான் பொருந்தும். வண்டி ஓட்டுகிறவர் கண்ணில் படுவது விளக்கு.

சென்ற மாதம் தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குப் போகும் சாலையில், இரவில் ஒரு புள்ளிமான் அடிபட்டுக் கிடந்தது. பின்னங்கால் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தது. இருபதடி தள்ளி ‘வனவிலங்குகள் கடக்கும் பகுதி, மெதுவாகச் செல்லவும்’ என்று மஞ்சள் பலகை. நண்பகலிலும் நள்ளிரவிலும் ஆண்டு முழுவதும் அது இதையேதான் சொல்கிறது. பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. நமக்கு வேண்டிய சொல்லில் ‘இப்போது’ என்பது இருந்தாக வேண்டும்.

கேழ்வரகு முற்றும் காலத்தில் எங்கள் பக்கம் பரண் கட்டிக் காவல் இருப்பார்கள். கையில் இருக்கும் டார்ச் இரவெல்லாம் எரியாது. யானை வந்தால் எரியும். அந்த வெளிச்சத்தைப் பார்த்து அடுத்த கொல்லைக்காரரும் எழுந்துகொள்வார். அகச்சிவப்புக் கதிரோ, ராடாரோ, வெப்பப்படக் கேமராவோ எதுவானாலும் செய்யப்போவது அந்தப் பரண் காவலைத்தான். ஆகவே ‘வரவறி விளக்கு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

கோவை மதுக்கரையில் 2024இல் வனத்துறை தொடங்கிய கண்காணிப்பில், தண்டவாளத்தருகே கேமரா யானையைக் கண்டால் ரயில்வேக்குத் தகவல் போகிறது. ஓசூர் பக்கம் சானமாவு காட்டருகே தேசிய நெடுஞ்சாலை 44இல் வரும் ஒவ்வொரு லாரிக்கும் யார் தகவல் சொல்வது? மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் பாய்கிறது. யானை கண்ணில் பட்ட பிறகு பிரேக்கை மிதித்துப் பயனில்லை. விளக்கு முன்னாலேயே எரிய வேண்டும்.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

*

வணக்கம் ஐயா,

‘வரவு’ என்றதும் வரவு செலவுக் கணக்குதான் நினைவுக்கு வருமோ என்று முதலில் தயங்கினேன். பிறகு ஊர் எல்லையில் இருக்கும் ‘நல்வரவு’ வளைவு நினைவுக்கு வந்தது, தயக்கம் தீர்ந்தது. விளக்குக்கு ‘வரவறி விளக்கு’, உள்ளே இருக்கும் கருவிக்குக் ‘கடவுணரி’ என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

பெயரில் ‘யானை’யைச் சேர்க்காமல் விட்டதும் சரி. பாலக்கோடு பக்கம் நான் சாலையில் பார்த்ததெல்லாம் காட்டுப்பன்றியும் நரியும்தான்.