அக்கா கல்யாண விசிடியில் அப்பாவின் குரல்: பழைய வீடியோக்களைத் திறந்த அனுபவங்கள்

வணக்கம். போன மாதம் முழுக்க ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து செய்த வேலையை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இதுபோல் ஏதாவது நடந்திருந்தால் கீழே எழுதுங்கள், எனக்கும் உதவும்.

2005-ல் தஞ்சாவூரில் அக்காவுக்குக் கல்யாணம். வீடியோக்காரர் நான்கு விசிடி, அதாவது வீடியோ சிடி, கொடுத்தார். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் குரல் எங்களிடம் வேறு எதிலும் பதிவாகவில்லை. அந்தக் காலத்துக் கல்யாண வீடியோ எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை அழைப்பிலிருந்து கட்டுச்சோறு வரை சினிமாப் பாட்டுதான் ஓடும், பேசுவது எதுவும் கேட்காது. நான்கு டிஸ்கிலும் சேர்த்து ஒரே இடத்தில் பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வருவதற்குள் ஐந்து விநாடி கிடைக்கிறது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பந்தியில் நிற்கும் அப்பா, "கடைசி இலைக்கு ரசம் வரலை பாரு" என்கிறார். அவ்வளவுதான். அது மூன்றாவது டிஸ்கின் கடைசிப் பகுதியில் இருக்கிறது.

டிஸ்கைக் கணினியில் போட்டால் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டர், அதற்குள் 'டேட்' என்று முடியும் கோப்பு. டபுள் கிளிக் செய்தால் எதில் திறக்கட்டும் என்று விண்டோஸ் கேட்கிறது. உள்ளே இருப்பது சாதாரண எம்பெக்-1 வீடியோதான். 1993-ல் வந்த விசிடி தரத்தின்படி படம் 352-க்கு 288 புள்ளி, விநாடிக்கு 25 பிரேம், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 600 எம்பி. விஎல்சி என்ற வீடியோ பிளேயர் இதை அப்படியே ஓட்டிவிடும், பெயரைக்கூட மாற்ற வேண்டாம். முதல் இரண்டு டிஸ்க்கும் நான்காவதும் தடங்கல் இல்லாமல் ஓடின. மூன்றாவது மட்டும் நலங்கு வரை வந்து நின்றுவிட்டது. ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்தாலும் அதே இடத்தில் பிழைச் செய்தி.

ஏன் கடைசிப் பகுதி மட்டும்? சிடி உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகப்போகப் படிக்கப்படும். கடைசிக் காட்சிகள் ஓரத்தில் இருக்கும். நம் விரல் படுவதும், உறையில் நுழைக்கும்போது கீறல் விழுவதும் அங்கேதான். அதோடு இன்னொன்றும் உண்டு. சாதாரண டேட்டா சிடியில் செக்டர் என்ற 2352 பைட் கொண்ட சின்னத் துண்டு ஒவ்வொன்றிலும் 2048 பைட்தான் தகவல், மீதியில் பெரும்பகுதி கீறல் விழுந்தால் சரிசெய்துகொள்ள வைத்த உபரி. விசிடியில் அந்த உபரியை எடுத்துவிட்டு 2324 பைட்டுக்கும் வீடியோவை நிரப்பினார்கள். 74 நிமிடம் அடங்கியதற்கு இதுதான் காரணம், சிறு கீறலுக்கே படம் சிதறுவதற்கும் இதுதான் காரணம்.

டிஸ்கைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுக் கழுவினேன். பழைய பனியன் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். சுற்றிச் சுற்றித் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு ஓடும், ஒரே இடத்தில் நிறையத் தகவல் போய்விடும். அப்புறம் லேப்டாப்பில் செருகும் மெல்லிய டிரைவை விட்டுவிட்டு, பரணில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பின் டிவிடி ரைட்டரில் போட்டேன். புது டிரைவ் திணறிய இடங்களில் பாதியை அது படித்துவிட்டது. மீதிக்கு ஐஸோபஸ்டர் என்ற மென்பொருள். படிக்க முடியாத செக்டரை அது மறுபடி மறுபடி முயன்று பார்த்து, முடியாததைத் தாண்டிப் போகும். இரவு பதினொன்றுக்கு ஓடவிட்டேன், காலை காபிக்கு முன்னால் முடிந்திருந்தது. பந்திக் காட்சியில் அப்பாவின் தோளருகே அரை விநாடி கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. குரலில் ஒரு எழுத்துகூடப் போகவில்லை. அம்மாவை எழுப்பி ஹெட்போன் மாட்டிவிட்டேன்.

இதற்கு இரண்டு வருடம் முன்பே ஒரு கடையில் 'எச்டி ஆக்கித் தருகிறோம்' என்றார்கள் என்று முதல் டிஸ்கைக் கொடுத்திருந்தேன். 1920-க்கு 1080 ஆக்கி 3 ஜிபியில் திருப்பிக் கொடுத்தார்கள். புள்ளிகள் இருபது மடங்கு கூடிவிட்டன, ஆனால் ஒரு முகம்கூடத் தெளியவில்லை. நான்குக்கு மூன்று அளவுப் படத்தை அகலத் திரைக்கு இழுத்ததில் எல்லோரும் உப்பிப் போயிருந்தார்கள். அம்மா பார்த்துவிட்டு, "இது உங்கப்பா மாதிரியே இல்லையே" என்றார். அந்தச் சொல்லுக்கு அப்புறம்தான் இதை நானே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். பதிவாகாத விவரத்தை எந்த மாற்றமும் கொண்டுவராது. மாற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகத்தான் செய்யும். அதனால் டிஸ்கிலிருந்து எடுத்த எம்பெக் கோப்பைத் தொடவே இல்லை, இரண்டு ஹார்ட் டிஸ்கில் அப்படியே வைத்திருக்கிறேன். அக்காவின் போனுக்கு மட்டும் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் எச்.264 சுருக்க முறை, தர அளவு 18, படம் 384-க்கு 288 என்று வைத்துத் தனிப் பிரதி எடுத்தேன்.

உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்.

பதில் – மதுரை, கம்ப்யூட்டர் சர்வீஸ்

படித்ததும் மனசு கனத்துவிட்டது. நான் 2004-லிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். அப்போதெல்லாம் வாடிக்கையாளர் கொண்டுவரும் பாதிப் புகார் "படம் ஓடுது சத்தம் வரலை", மீதிப் பாதி "சத்தம் வருது படம் கருப்பா இருக்கு". ஏவிஐ என்பது 1992-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த டப்பா. டப்பா ஒன்றுதான், உள்ளே படத்தைச் சுருக்கிய முறை டிவ்எக்ஸ் ஆக இருக்கலாம், எக்ஸ்விட் ஆக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். சுருக்கியதைப் பிரிக்கும் கருவிக்குக் கோடெக் என்று பெயர், நாங்கள் கோடெக் பேக் ஒன்றைப் போடுவோம். அதை ஏற்கெனவே போட்டிருந்த இன்னொரு பேக் முட்டும், படம் தலைகீழாகத் தெரியும். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி போடுவோம்.

விஎல்சி வந்த பிறகு இந்தத் தலைவலி ஏறக்குறைய நின்றது. பாரிஸில் கல்லூரி மாணவர்கள் 1996-ல் தொடங்கியது, 2001-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பிரிக்கும் கருவிகள் அதற்குள்ளேயே இருப்பதால் விண்டோஸில் என்ன கோடெக் இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. இன்றைக்கும் கடையில் எந்தக் கணினியைச் சரிசெய்தாலும் அந்த ஆரஞ்சுக் கூம்பைப் போட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். காசு கேட்டதில்லை.

சொல்ல வந்தது வேறு. பழைய நோக்கியா போனில் எடுத்த, பெயர் '.3gp' என்று முடியும் வீடியோக்களை நிறையப் பேர் சின்னதாக இருக்கிறது என்று அழித்துவிடுகிறார்கள். 176-க்கு 144 புள்ளிதான், தீப்பெட்டி அளவுதான். ஆனால் அதில் பாட்டுப் போட்டு யாரும் ஒட்டவில்லை. குரல் அப்படியே இருக்கும். அழிக்காதீர்கள்.

பதில் – கோயம்புத்தூர், ஆசிரியை

எங்கள் பள்ளி ஆண்டு விழாவை என் கேமராவில் நான்தான் எடுத்தேன். கடைசி நாடகத்தின்போது பேட்டரி தீர்ந்து கேமரா அணைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் எம்பி4 கோப்பு 5 ஜிபிக்கு இருக்கிறது, எதிலும் திறக்கவில்லை. விஎல்சியும் கைவிட்டது. நாற்பது பிள்ளைகளின் பெற்றோர் கேட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை.

எங்கள் கம்ப்யூட்டர் ஆசிரியர்தான் விளக்கினார். எம்பி4 கோப்பில் எந்தப் பிரேம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் தனியாக உண்டு, மூவ் ஆட்டம் என்பார்கள். பல கேமராக்கள் பதிவை நிறுத்திய பிறகுதான் அதை எழுதும். பதிவு நடுவில் அறுந்தால் படம் முழுக்க இருக்கும், பட்டியல் மட்டும் இருக்காது. பக்க எண்ணும் பொருளடக்கமும் இல்லாமல் கட்டிய புத்தகம் மாதிரி. அன்ட்ரங்க் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றைக் கூடவே கொடுத்தால், அதைப் பார்த்து உடைந்த கோப்புக்குப் பட்டியலைக் கட்டிவிடுகிறது. விழா தொடங்கும் முன் மேடை அலங்காரத்தை ஒரு நிமிடம் எடுத்திருந்தேன். அந்த ஒரு நிமிடம் நாடகத்தைக் காப்பாற்றியது.

பேட்டரி போன உடனே அந்த மெமரி கார்டில் வேறு எதுவும் எடுக்காதீர்கள். கோப்பு கார்டில் தெரியாவிட்டாலும் அதன் தகவல் அங்கே இருக்கும், புதிதாக எடுத்தால் அதன்மேல் எழுதிவிடும்.

பதில் – சென்னை, குரோம்பேட்டை

என்னுடையது சின்ன விஷயம். மகளின் அரங்கேற்ற வீடியோவை மாமியார் வீட்டு டிவியில் பென்டிரைவ் மூலம் போட்டோம். படம் பளிச்சென்று வருகிறது, சலங்கையும் இல்லை, பாட்டும் இல்லை. வீடியோகிராஃபர் எம்ஓவி கோப்பில் ஒலியைச் சுருக்காமல் பிசிஎம் ஆக வைத்திருக்கிறார். நல்ல நோக்கம்தான், அந்த டிவிக்கு அது புரியவில்லை. முழுவதையும் மாற்ற என் லேப்டாப் ஏழு மணி நேரம் கேட்டது. எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் வீடியோவை அப்படியே காப்பி, ஒலியை மட்டும் ஏஏசி என்று கொடுத்தால் நான்கு நிமிடத்தில் முடிந்தது, படம் துளியும் மாறவில்லை. பென்டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாமியார் வர்ணத்தை மட்டும் மூன்று தடவை பார்த்தார்.

பதில் – யாழ்ப்பாணம்

எங்கட பெரியம்மா 1994-ல் ரொறன்ரோவில் இருந்து பிள்ளையின் பிறந்தநாள் வீடியோ கசெற் அனுப்பினவ. எங்களிடம் இருந்த வீடியோ டெக்கில் போட்டால் கறுப்பு வெள்ளையாக உருண்டு உருண்டு ஓடியது. கனடாவில் என்டிஎஸ்சி என்ற டிவி முறை, இலங்கையில் 'பால்' (PAL) என்ற டிவி முறை என்று அப்போது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கசெற் பழுது என்று அம்மம்மா அலுமாரியில் வைத்துவிட்டார். அவர் அதைப் பார்க்காமலே போய்விட்டார்.

போன வருடம் இரண்டு முறையும் ஓடும் டெக் ஒன்று கிடைத்தது, யூஎஸ்பி கப்சர் கருவி போட்டுப் பதிந்தேன். முதல் தடவை 25 பிரேமாக மாற்றிப் பதிந்ததில் பிள்ளைகள் ஓடும்போது படம் வெட்டி வெட்டிப் போனது. கணினிக்கு இரண்டும் ஒன்றுதான், மாற்றத் தேவையில்லை. மறுபடி 720-க்கு 480-ல், கசெற்றில் இருந்தபடி 29.97 பிரேமாகவே பதிந்தேன். கை அசையும் இடங்களில் சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரிந்தது, ஏனெனில் கசெற்றில் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் வேறுவேறு கணத்தில் பதிவானவை. ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ் பகுதியில் 'பாப்' தெரிவு செய்தால் இரண்டையும் தனித்தனிப் பிரேமாக ஆக்கித் தரும். ஓட்டம் கசெற்றில் இருந்த மாதிரியே வந்தது.

முதல் பதிவு எழுதிய அண்ணா, ஒன்று கேட்கலாமா? விசிடி என்பது கடைசிப் பிரதிதானே. எடுத்த மூலக் கசெற் அந்த ஸ்ரூடியோவில் இருக்காதா? அதில் பாட்டு இருக்காதே.

பதில் – முதலில் எழுதியவர்

யாழ்ப்பாணத்துத் தம்பி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு அன்றைக்கு இரவே அக்காவுக்குப் போன் செய்தேன். வீடியோக்காரர் இப்போது இல்லை, ஸ்டுடியோவும் மூடிப் பல வருடம் ஆயிற்று. அவர் மகன் மோட்டார் கடை வைத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை போனேன். பின்கட்டில் அரிசிச் சாக்கு ஒன்றில் இருநூறுக்குக் குறையாத குட்டி கேசட்டுகள், மினிடிவி என்பார்களே, அவை. பெரும்பாலானவற்றில் நான்கைந்து பெயர் எழுதி அடித்து மறுபடி எழுதியிருந்தது. கேசட் விலை அதிகம் என்பதால் ஒரு கல்யாணத்தின் மேல் அடுத்த கல்யாணத்தை எடுத்திருக்கிறார்கள். மத்தியானம் வரை தேடியதில் அக்கா பெயர் அடிக்கப்படாமல் ஒன்று கிடைத்தது. அந்தக் கேசட்டில் கடைசியாக எடுத்தது எங்கள் வீட்டுக் கல்யாணம் போலிருக்கிறது.

அவர் அப்பாவின் கேமரா இன்னும் ஓடுகிறது. கடையின் கல்லாப்பெட்டி மேல் வைத்து, அதன் சின்னத் திரையில் போட்டுப் பார்த்தோம். பந்தி முழுக்க இருக்கிறது. பாட்டு இல்லை. இலைச் சத்தம், வாளிச் சத்தம், யாரோ குழந்தை அழுகை, அதற்கிடையில் அப்பா எல்லா இலைக்கும் போய் ஒவ்வொருவரிடமாகப் பேசுகிறார். "வெட்கப்படாம கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க." ஒரு தடவைதான் ஓட்டினேன், நாடா பழையது, அறுந்துவிடுமோ என்று பயம்.

கேசட்டையும் கேமராவையும் நம்பிக் கொடுத்திருக்கிறார். கேமராவின் யூஎஸ்பியில் புகைப்படம் மட்டும்தான் வருகிறது. டிஜிட்டல் தரம் குறையாமல் எடுக்க ஃபயர்வயர் என்ற பழைய கேபிள் இணைப்பு வழிதான், ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி வரும், அதற்கு இடம் இருக்கிறது. என் இரண்டு கணினியிலும் அந்தப் போர்ட் இல்லை. தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி பக்கம் ஃபயர்வயர் உள்ள பழைய கணினி யாரிடமாவது ஓடிக்கொண்டிருந்தால் சொல்லுங்கள். நானே கொண்டுவருகிறேன்.